மயிரிழை

ஹால்வர்,
உன் நாயின் ரோமம் ஒன்று
என் ஒன்பது வார வேலையைத் தின்றுவிட்டது.
கோபத்தில் எழுதவில்லை. கோபம் நேற்றே தீர்ந்தது,
கடைசிப் பேருந்தை விட்டுவிட்டு
நீதெல்வா ஆற்றோரப் பனிச்சேற்றில் நடந்தபோது.

அந்தச் சில்லு உனக்குத் தெரியும்.
தபால்தலை அளவு சிலிக்கோன்,
நடுவில் சுவர், இருபுறமும் கால்வாய்,
சுவரின் அடியில் நூற்றைம்பது சுரங்கங்கள்.
நீளம் நானூற்றைம்பது மைக்ரான்,
உயரம் வெறும் மூன்று.
நரம்புச் செல்லின் உடல் அதில் நுழையாது.
வால் நுழையும்.
வால் என்றால் சிரிப்பாய்; சரி, ஆக்சான்.

இடப்பக்கம் எலிக்கருவின் செல்களை விட்டேன்.
ஏழாம் நாள் ஆக்சான்கள்
யாரையும் கேட்காமல்
வலப்பக்கம் தலைகாட்டின.
அங்கே ஒரு சொட்டு, வளர்ச்சிப் புரதம்.
ஆக்சான் நுனி அதை விழுங்கி,
சின்னப் பையில் கட்டி,
நொடிக்கு ஒரு மைக்ரான் என்று
சுரங்கம் முழுக்க இழுத்துப் போக வேண்டும்.
வீட்டுக்குச் சேதி சேர
குறைந்தது ஏழரை நிமிடம்.

எனக்கு நாற்பது நொடியில் சேர்ந்தது.

பச்சை.
கால்சியம் ஏறினால் எரியுமே, அந்தப் பச்சை.
ஒரு செல், பக்கத்துச் செல்,
அப்புறம் எண்ண முடியவில்லை.
கத்தினேன். காப்பியைச் சிந்திக்கொண்டு ஓடிவந்தாய்.
பத்து மடங்கு வேகம் என்றாய்,
எவரும் கண்டதில்லை என்றாய்.
செவ்வாய்க்கிழமைக் கூட்டத்துக்கு
ஆஸ்லாக் பாதாம் கேக் வாங்கி வந்தார்.
நான் இரண்டு துண்டு தின்றேன்.

அப்போதே உறுத்தியது.
கணக்கு ஒன்று சொல்ல, கண் ஒன்று சொல்ல,
நான் கண்ணின் கட்சியில் சேர்ந்தேன்.
இன்னொன்றும் உண்டு:
சொட்டு இந்தப் பக்கம் கசியாதிருக்க
இடப்பக்க நீரைச் சற்றே உயரமாக வைப்போமே,
அது இரவோடு இரவாகச் சமமாகியிருந்தது.
ஆவியாகியிருக்கும் என்றேன்.
யார் கேட்டார்கள், நானே சொல்லிக்கொண்டேன்.

நேற்று அதே சில்லில்
சமையல் சாயம் விட்டேன், சிவப்பு.
சுரங்கங்கள் எல்லாம்
கோடு போட்ட நோட்டு மாதிரி நேராக நிற்க,
ஒரு கோடு மட்டும் வளைந்து போனது.
உருப்பெருக்கியைத் திருகினேன்.
பழுப்பு நிறம், செதில் செதிலாக ஓரம்,
நுனி வெள்ளை.
உன் கம்பளிச் சட்டை முழுக்க இருப்பது.
கண்ணாடியில் சிலிக்கோனை ஒட்டிய அன்று
நீ என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தாய்,
நானும் தடுக்கவில்லை.
ரோமத்தின் இரு ஓரமும் ஒட்டாத இடைவெளி.
சேதி ஆக்சான் வழியே போகவேயில்லை,
தண்ணீராய் ஓடிப்போய்ச் சேர்ந்திருக்கிறது.

மயிரிழையில் தப்பினேன் என்பார்கள்.
நான் அகப்பட்டது மயிரிழையில்.

மறைத்துவிடலாமா என்று நினைத்தேன்.
பொய் சொல்ல மாட்டேன்: பத்து நிமிடம் நினைத்தேன்.
பிறகு ஆஸ்லாக்கின் கதவைத் தட்டினேன்.
அவர் படத்தை வெகுநேரம் பார்த்துவிட்டு
நாயின் பெயர் என்ன என்று மட்டும் கேட்டார்.

இன்று புதுச் சில்லு.
நீ சட்டையைக் கழற்றி வெளியே மாட்டிவிட்டு
மணிக்கட்டில் டேப் சுற்றிக்கொண்டு வந்தாய்,
அறுவை சிகிச்சைக்குப் போகிறவன் மாதிரி.
சொட்டு விட்டோம். நாற்பது நொடி.
இருட்டு.
ஒரு நிமிடம், மூன்று நிமிடம், இருட்டு.
ஒன்றும் நடக்காததைப் பார்த்து
நாம் இருவரும் இளித்துக்கொண்டிருந்தோம்.
ஆறாம் நிமிடம்,
நாய் தனியாக இருக்கும் என்று கிளம்பிப் போனாய்.

பதினொன்று, இருபது.
இடது ஓரத்தில் ஒரு செல்.
ஒன்றே ஒன்று. மங்கல்.
சும்மாவே மினுக்கும் செல்களும் உண்டு.
குறிப்பேட்டில் நேரத்தை எழுதி,
பக்கத்தில் கேள்விக்குறி போட்டிருக்கிறேன்.

சாயம் விட்டுப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.
அதுவரை
கேக் வேண்டாம் என்று ஆஸ்லாக்கிடம் சொல்.

யோருன்