ஒன்பது ஊசி

மிஷின் ரயிலில் வந்தது என்கிறார் சென்னகிருஷ்ணன்.
இல்லை, பஸ் கூரையில், தார்ப்பாய் மூடி,
பக்கத்தில் ஒரு சிப்பம் கருவாட்டோடு என்கிறார் சாந்தாராம்.
எண்பத்தாறு என்கிறார் ஒருவர்.
எண்பத்தெட்டு, எனக்குக் கல்யாணமாகி ஏழாம் மாதம்
என்கிறார் மற்றவர்.
ஏற்காட்டு ஏரிக்கரை ஓட்டலில்
மிளகாய் பஜ்ஜி ஆறிக்கொண்டிருக்கிறது.
முதலாளி அர்த்தநாரி படமாகிவிட்டார்,
கேட்க ஆளில்லை.

செருப்பைக் கழற்றிவிட்டுத்தான்
அந்த அறைக்குள் போனோம்:
இதில் மட்டும் தகராறு இல்லை.
செவ்வாய்ப்பேட்டை ஜவ்வரிசி மண்டி, மாடி,
சாக்குத் தூசுக்குக் கதவோரம் ஈரத்துணி.
பச்சை எழுத்தில் மெமரி எண்ணத் தொடங்கும்.
அறுநூற்று நாற்பது வரும்வரை
முதலாளியும் கூடவே எண்ணுவார், உதடு அசைய.

டிரைவுக்குள் எலுமிச்சம்பழம் நசுக்கிய கதை பொய்.
ஆயுத பூஜையன்று ஃபிளாப்பிக்குப் பொட்டு வைத்து
தை மாத பாக்கிக் கணக்கு முழுக்கப் போனது நிஜம்.
வைத்தது நான்.

சண்டையெல்லாம் ழ-வைப் பற்றி.
மரவள்ளி வந்து மலையாகக் குவிகிற ஊரில்
கிழங்கு என்று ரசீது அடிக்க முடியவில்லை.
பிரிண்டர் தலையில் ஒன்பது ஊசி.
மேலே வளைவு, கீழே வால்,
ஒன்பதுக்குள் அடங்க மாட்டேன் என்றது எழுத்து.
முதல் வாரம் 'கிளங்கு' என்றே அடித்தோம்.
ஆத்தூர்ப் பக்கத்து விவசாயி ஒருவர்
ரசீதைத் திருப்பி நீட்டி,
"நான் கொண்டாந்தது கெழங்குங்க,
இது என்னமோ, நீங்களே வச்சுக்குங்க" என்றாராம்.
'என்றாராம்'தான். அன்றைக்கு எனக்கு லீவு.
சென்னகிருஷ்ணன் சொல்லும்போது அவர் ரிட்டயர்டு வாத்தியார்,
சாந்தாராம் சொல்லும்போது கைநாட்டு.

வாலை அடுத்த வரியில் இறக்கும் யோசனை
கனவில் வந்தது என்கிறார் ஒருவர்.
அந்தக் கனவே என்னுடையது,
டீக்கடையில் நான் சொல்லித்தான் உனக்குத் தெரியும்
என்கிறார் மற்றவர்.
பிறகு இருவரும் என் பக்கம் திரும்பி,
"ஆபரேட்டரம்மா, நீங்களே சொல்லுங்க."
டைப்ரைட்டிங் ஹையர் முடித்துச் சேர்ந்த நாளிலிருந்து
எனக்கு அங்கே பேர் அதுதான்.

சொன்னேன்.
ஒரு ஞாயிறு, இதே மலைக்கு, அக்காவைப் பார்க்க பஸ்.
மடியில் கட்டம் போட்ட நோட்டு,
கட்டத்துக்கு ஓர் ஊசி.
பதினாலாவது கொண்டை ஊசி வளைவில்
டிரைவர் ஒரே ஒடியாக ஒடிக்க,
பென்சில் இடப்பக்கம் வழுக்கி
வேண்டாத கட்டத்தில் ஒரு புள்ளி.
ரப்பர் கொண்டுபோகவில்லை.
கண்ணைச் சுருக்கிப் பார்த்தால், ழ.

மேஜையில் கொஞ்ச நேரம் பேச்சில்லை.
சட்னி ஊற்ற வந்த ஓட்டல்காரர் லூர்துசாமி,
பழைய கண்டக்டர், குனிந்து மெதுவாக,
"ஏறும்போது பதினாலு இடப்பக்கம் ஒடியுமுங்க.
பென்சில் வலப்பக்கம்ல போயிருக்கணும்?"

அப்படியானால் இறங்கும்போதா?
இறங்கியது கடைசி பஸ்.
விளக்கில்லாத பஸ்ஸில்
கட்டம் எப்படித் தெரிந்தது எனக்கு?

சாந்தாராம் பர்ஸிலிருந்து ஒரு ரசீதை எடுத்துப் பிரிக்கிறார்,
ஓரத்துத் துளைப்பட்டி இன்னும் கிழிக்காதது.
கிழங்கு, முப்பத்திரண்டு மூட்டை.
வால் இருக்கிறது, சற்றுக் கோணலாக.
தேதியைப் பார், தேதியைப் பார் என்று
இரண்டு கண்ணாடிகள் முட்டிக்கொள்கின்றன.

1-1-80.

சிரிப்பை அடக்கிக்கொண்டு பஜ்ஜியைக் கடிக்கிறேன்.
தினமும் காலையில் அது தேதி கேட்கும்.
மறுபடி நேரம் கேட்கும்.
கீழே வண்டிகள் வரிசையாக நிற்கும்.
இரண்டு தடவை என்டர் தட்டிவிட்டு
வேலையைப் பார்த்தவள் நான்.