பக்கம் நூற்று நாற்பத்தெட்டு

பண்டாரவளை பஸ் நிலையத்துக்கு மேலே
குடை திருத்துகிறவருக்குப் பக்கத்துக் கடையில்
இரண்டாம் பாகம் வந்திருந்தது.
பதினொரு வருடம்.
எழுதினவர் செத்துவிட்டார் என்றுகூட
யாரோ சொல்லியிருந்தார்கள்.
விலை கேட்காமல் வாங்கினேன்.
பாமசிச் சம்பளத்தில் அது
கொஞ்சம் திமிர்தான்.

உடனே திறக்கவில்லை.
மருந்துச் சிட்டைகளுக்கு அடியில் வைத்துவிட்டு
நாள் முழுக்கப் பனடோல் எண்ணினேன்.
பயம்.
நாகரத்தினத்தைக் கொன்றிருப்பாரோ,
கபிரியேல் மாமாவைத் திருத்தி
நல்லவராக்கி நாசமாக்கியிருப்பாரோ,
அந்த வீட்டுக்குக் கரண்ட் இழுத்து
மந்திரத்தையெல்லாம்
ஒரே ஸ்விட்சில் அணைத்திருப்பாரோ.

இரவு. மழை.
பிளேன்டீ, கடித்துக்கொள்ள ஒரு துண்டு கித்துள் கருப்பட்டி,
போர்வைக்குள் கால்.
முதல் வரி:
"ஜெசிந்தா சித்தி மறுபடி தும்மினாள்."

அவ்வளவுதான்.
உள்ளே போய்விட்டேன்.

அவள் தும்மினால் உருளைக்கிழங்குப் பாத்தி
நடுநிசியிலும் பூக்கும்.
நாகரத்தினம் பனியைப் பிடித்து உதறி
நான்காய் மடித்து அலுமாரியில் வைப்பாள்,
வெயில் காலத்தில் பிள்ளைகளுக்குப் போர்த்த.
ஹப்புத்தளைச் சரிவில் அந்த வீடு
வருடத்துக்கு மூன்றடி நடக்கும்,
பள்ளத்தை எட்டிப் பார்க்கிற ஆசையில்.
பவளேந்திரன் ஒவ்வொரு தைப்பொங்கலுக்கும்
கெஞ்சிக் கூத்தாடி
அதைப் பின்னுக்கு அழைத்து வருவார்.
ஒஹிய சுரங்கத்தில் கபிரியேல் மாமா
தொலைத்த நிழல் இன்னும் கிடைக்கவில்லை.
இரவல் நிழலோடு திரிகிறார்.
அது ஒரு மாட்டு நிழல்.
சிரித்ததில் தேத்தண்ணி மூக்கில் ஏறியது.

அவர்களுக்கு ஒரு கிழமைதான் ஆகியிருக்கிறது.
கல்லில் போட்ட ரொட்டி
இன்னும் ஆறவில்லை.
எனக்கோ
அம்மாவின் மரணப் பத்திரம்,
இரண்டு வாடகை அறைகள்,
வந்து பார்த்துவிட்டுப் போன மாப்பிள்ளை ஒருவர்,
மூக்குக் கண்ணாடி.
இத்தனை நாள் எங்கே போயிருந்தாய் என்று
அங்கே யாரும் கேட்கவில்லை.
சின்னி மட்டும்
வாசலில் கிடக்கும் செருப்புகளை எண்ணி
ஒரு சோடி கூட இருக்கிறதே என்கிறாள்.
பக்கம் முப்பத்தொன்று.
நான் குனிந்து
கட்டிலுக்குக் கீழே என் செருப்பைத் தேடினேன்.

ரூபா,
முதல் பாகத்தை நாம் வாசித்த விதம்
எந்தப் புத்தகத்துக்கும் நடக்கக் கூடாதது.
ஒரு சிமினி விளக்கு, ஒரு புத்தகம்,
இரண்டு பேர், பொறுமை யாருக்கும் இல்லை.
சவர பிளேடால் நீ அதன் முதுகைப் பிளந்தாய்.
முன்பாதி அக்காவுக்கு, பின்பாதி உனக்கு.
நாகரத்தினம் யாரென்றே தெரியாமல்
அவளுக்காக அழுதாய்.
பிறகு "முடிவைச் சொல்லட்டா" என்று மிரட்டியே
மூன்று நாள்
என் பங்குச் சீனியைத் தின்றாய்.

இப்போது கட்டாரில் கிரேன் ஓட்டுகிறாய்.
அனுப்பினேன், வந்ததா, வந்தது.
நாற்பது டிகிரி என்பாய்.
இங்கே மழை என்பேன்.
அதோடு இரண்டு பேருக்கும் சிக்னல் போய்விடும்,
போகாமலே.

மணி ஒன்றரை.
பக்கம் நூற்று நாற்பத்தெட்டில்
வீடு பள்ளத்தின் விளிம்பில்
ஒரு காலைத் தூக்கி நிற்கிறது.
கீழே பதுளை ரயில் வளைகிறது.
பவளேந்திரன் ஏதோ சொல்ல
வாயைத் திறக்கிறார்

பிளேடு மேசையில்தான் இருந்தது.
தையல் நூல் அறுபடும்போது
பக்கத்து அறை டீச்சர் இருமினாள்.
நான் அதைத் தும்மலென்று எடுத்துக்கொண்டேன்.

காலையில் தபால் கந்தோரில்
உள்ளே என்ன என்றார்.
பாதி வீடு என்று சொல்ல வந்து
கடதாசி என்றேன்.
நிறுத்தார்: இருநூற்றுப் பத்து கிராம்.
கொஞ்சம் பனியும் அதில் சேர்த்தி,
கட்டும்போது ஜன்னல் திறந்து கிடந்தது.

விழுந்ததா வீடு, இல்லையா,
இனி நீதான் சொல்ல வேண்டும்.
உடனே சொல்லிவிடாதே.
மூன்று நாள் மிரட்டு.
சீனி வாங்கி வைத்திருக்கிறேன்.