கண் கூச்சம்

பத்து ஃபெரிங்கி இரவுச் சந்தையில்
பதினைந்து வெள்ளிக்கு வாங்கியது.
ஜெர்ஜாக் தீவுக்கு இந்தப் பக்கம்
பாயைத் திருப்பும்போது கயிறு தட்டி விழுந்தது.
மிதக்கும் என்றுதான் நினைத்தேன்.
கல்லைப்போல் இறங்கிற்று.

நல்லதாய்ப் போயிற்று என்கிறார் டாக்டர்.
வெறும் கறுப்புக் கண்ணாடி
இருட்டிவிட்டதென்று பொய் சொல்லிக்
கண்மணியை அகலத் திறக்கவைக்கும்;
திறந்த வழியே நுழைவது
வெயிலின் கெட்ட பாதி.
மூக்கோரம் வெள்ளைவிழியில்
அரிசிக்குருணை அளவு சதை
ஏற்கெனவே கிளம்பியிருக்கிறது.
"மீன் பிடிக்கப் போறீங்களா?"
இல்லை டாக்டர்.
பாயான் லெப்பாஸில் இரவு வேலை.
ஞாயிறு மட்டும் கடல்.

கேம்பல் தெருக் கடையில் இஸ்மத்
பதினோரு ஜோடி பரப்பினாள்.
சாம்பல், நிறங்களை நிறமாகவே விடும்.
பழுப்பு, மேகமூட்டத்திலும் அலையின் விளிம்பைக் காட்டும்.
காதுவரை வளைந்தது எதற்கு?
வாசலை அடைத்தால் ஜன்னலில் வருமே வெளிச்சம், அதற்கு.
போலரைஸ்டா என்று கேட்டேன்.
ஒன்றின்மேல் ஒன்றை வைத்து
மெல்லத் திருப்பினாள்.
தனித்தனியே தெளிவாக இருந்த இரண்டும்
சேர்ந்து இருட்டாயின.
"முன்னூற்று நாற்பது. கழுத்துக்கயிறு இலவசம்."
வீட்டில் சொன்ன விலை வேறு.

ஞாயிறு, காலை பத்து.
போட்டுக்கொண்டதும்
கடலின்மேல் கிடந்த தகரக்கூரை
கழன்று போனது.
கீழே பச்சை.
ஒரு சொறிமீன், ஒரு பிளாஸ்டிக் பை,
எது எதுவென்றுகூடத் தெரிகிறது.

சுக்கானிலிருந்து பெங் சூன் கத்துகிறார்,
"காற்று எங்கே? பார்த்துச் சொல்!"
பார்க்கிறேன்.
காற்றைக் காணோம்.
நீரின் தோலில் சிலிர்த்து ஓடுமே ஒரு மினுக்கம்,
அதைத்தான்
முன்னூற்று நாற்பது கொடுத்துத் துடைத்திருக்கிறேன்.

தலையைச் சாய்த்தால் கொஞ்சம் வருகிறது.
போதவில்லை.
மூக்குநுனிக்கு இறக்கி
ஒரு நொடி, வெறுங்கண்.
சுள்ளென்று குத்தி நீர் கட்டுகிறது.
அந்த நீருக்குள்ளேயே,
பாலத்தின் மூன்றாம் தூணைத் தாண்டி,
பளபளப்பைக் கிழித்தபடி
கறுத்த கீற்றாக வருகிறது காற்று.

"வலப்பக்கம்! வந்துவிட்டது!"

ஏற்றிக்கொள்கிறேன் மறுபடி.
படகு சாய்கிறது, கயிறு கழுத்தை இழுக்கிறது.
கடலுக்குக் கூச்சமே கிடையாது.
எனக்குத்தான் அதை
நொடி நொடியாகப் பார்க்க வேண்டியிருக்கிறது.