சலவைக் கணக்கு

சட்டையைப் பார்த்தே சொல்லிவிடுவேன்.
கோல்கீப்பருக்கு இரண்டு முழங்கையிலும் சேறு.
முன்னால் ஆடுகிறவனுக்கு நெஞ்சில்,
அதுவும் கோல் போட்ட அன்று மட்டும்,
புல்லில் வழுக்கிப் போய்க் கைதட்டல் வாங்கிய சேறு.
எட்டாம் எண்ணுக்கு எப்போதும் இடது இடுப்பு.
யாரோ கோட்டைவிட்ட பந்துக்கு
யாராவது விழ வேண்டுமல்லவா.
வெள்ளைச் சட்டை வேறு,
எந்தப் புண்ணியவான் தேர்ந்தெடுத்தானோ.

கிரெய்க் டுல்லக்.
பத்தொன்பது வயதில்
கிளாஸ்கோவின் பெரிய கிளப் ஒன்று
எங்களுக்குக் கடனாக அனுப்பிய பையன்.
ஸ்காட்லாந்தின் நாலாம் டிவிஷன்,
வடகடலை ஒட்டிய மைதானம்,
அடித்த கார்னரைக் காற்று
வாங்கித் திருப்பித் தரும் ஊர்.
கடனாக வந்தவன் கடனே என்று ஆடவில்லை.
முதல் சனிக்கிழமையே அவன் சட்டையை
மூன்று தண்ணீர் அலசினேன்.

ஜூனில் பெரிய கிளப் அவனை விடுவித்தது,
போனில் வந்த இரண்டு வரியில்.
பெயரில் ஓர் எழுத்து பிழை.

பிறகு எங்கெங்கோ ஆடினான்.
ஒரு கிளப் சம்பளம் தராமலே இழுத்து மூடிக்கொண்டது.
ஒன்று அவன் முழங்காலை வாங்கிக்கொண்டு அனுப்பியது.
ஒன்றின் பெயரை இன்றுவரை சொல்லமாட்டான்.
இருபத்தேழில் திரும்பி வந்தபோது
பாய்லர் பழுதுபார்க்கும் வேன் ஒன்று வைத்திருந்தான்.
வாரத்துக்கு நூற்றிருபது பவுண்டு,
ஜெயித்தால் மேலே நாற்பது.
அந்த நாற்பதை அதிகம் பார்த்தவனில்லை.

ஏழு வருடத்தில் நாலு கோல்.
அதில் ஒன்று அவன் முதுகில் பட்டுப் போனது,
திரும்பிப் பார்த்து அவனே சிரித்தான்.

ஒரு ஜனவரியில் கோப்பைக் குலுக்கலில்
அந்தப் பெரிய கிளப்பே எங்களுக்கு விழுந்தது.
டிவிக்காரர்கள் கேபிளை இழுத்து
என் கதவைச் சாத்த முடியாமல் செய்தார்கள்.
டுல்லக்குக்கு அன்று தடை.
முந்தின வாரம் வாங்கிய மஞ்சள் அட்டை,
வேறொருவன் செய்த தப்பைத் தடுக்கப் போய்.

மேலே இருக்கை கொடுத்தார்கள், உட்காரவில்லை.
கேலரிக்கு அடியில் என் அறைக்கு வந்தான்.
போன வார சாக்ஸை எல்லாம்
உள்புறம் வெளிப்புறமாகத் திருப்பிப் போட்டான்.
கூரை அதிரும்போதெல்லாம் கை நின்றது.
"இது யாருக்கு?" என்றேன்.
"நமக்கென்றால் தூசி விழும், இஷ்பெல்.
நம் ஆட்கள்தான் நம் தலைக்கு மேல் நிற்கிறார்கள்."

தூசி ஒருமுறை விழுந்தது.
ஐந்துக்கு ஒன்று.

மாலையில் எட்டாம் எண் சட்டை
இடுப்பில் வெள்ளையாகவே திரும்பி வந்தது.
நான் காட்டவில்லை, அவனே பார்த்துவிட்டான்.
ஒன்றும் சொல்லாமல்
மற்றவற்றோடு மெஷினில் திணித்தான்.

கடைசி ஆட்டத்துக்கு இருநூற்றெண்பத்தேழு பேர்,
ஒரு நாயைச் சேர்க்காமல்.
எழுபத்தோராம் நிமிடம் பலகையைத் தூக்கினார்கள்.
இடப்பக்க விளக்குகள் எரியவில்லை,
எட்டு மூன்றாகத் தெரிந்தது.
மூன்றாம் எண் பையன்
முகம் தொங்கி வெளியே நடக்க ஆரம்பித்தான்.
டுல்லக்தான் ஓடிப்போய் அவனைப் பிடித்து,
நீ இல்லை, நான், என்று
அவன் இடத்தில் கொண்டுபோய் நிறுத்திவிட்டு,
மூச்சு வாங்கிக்கொண்டு வெளியேறினான்.
அதற்குள் எழுந்து நின்றவர்கள்
பாதிப்பேர் உட்கார்ந்துவிட்டார்கள்.

திங்கட்கிழமை எண்ணினேன்.
சட்டையில் ஒன்று குறைவு.
எட்டு, கிழிந்தது, கழிக்கப்பட்டது
என்று நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அக்டோபரில் என் அறை பாய்லர் நின்றுபோனது.
வந்தான். ஈரத் தரையில்
இடது பக்கமாகச் சாய்ந்து படுத்து
அடியில் டார்ச் அடித்துப் பார்த்தான்.
எழுந்தபோது நான் எங்கே பார்க்கிறேன் என்று
அவனுக்குப் புரிந்திருக்கும்.

முழுத் தொகைக்கும் கிளப்புக்கு பில் அனுப்பினான்.
கிளப் இன்னும் கொடுக்கவில்லை.