ஒரு கறுப்பு அவரை

ரீகா நகரில், ரொட்டிக் கடைக்கு மேலே
ஐந்து பேர் நாங்கள்.
கவர்னர் சாகலாமா என்பது கேள்வி.
வெள்ளை அவரை என்றால் ஆம், கறுப்பு என்றால் கூடாது.
நான் வெள்ளை போட்டேன்,
உப்புப் போதுமா என்றதற்குத் தலையாட்டுகிறவன்போல.

தொப்பிக்குள் ஒரே ஒரு கறுப்பு.
யாருடையது என்று எல்லோருக்கும் தெரியும்.
பிறகு சீட்டுக் குலுக்கினோம்.
விழுந்தது ஸெல்மாவுக்கே.
யூகும்ஸ் இருமினான்.
மாற்றிக்கொள்ளலாம் என்று
ஒருவரும் வாய் திறக்கவில்லை.

வியாழன் காலை,
குலுங்கக் கூடாத தொப்பிப் பெட்டியை மடியில் வைத்து
டிராமில் போனாள்.
பெட்டிக்கும் டிக்கெட் எடு என்றானாம் நடத்துநர்.
எடுத்தாளாம்.
மீதிச் சில்லறையை எண்ணிப் பார்த்தாளாம்.

மாளிகையில் கொடி அரைக்கம்பத்தில்.
விடியலிலேயே போய்விட்டிருந்தார் மனிதர்,
நுரையீரல் காய்ச்சல்,
மனைவி கையைப் பிடித்திருக்க.

பெட்டியோடு திரும்பி வந்தாள்.
நாங்கள் கட்டிக்கொண்டோம், சிரித்தோம்,
கறைபடாத கைகளோடு கீழே இறங்கி
ரொட்டி வாங்கி வந்தோம்.

கையுறையைக்கூடக் கழற்றாமல் சொன்னாள்:
'மூன்றாவது நிறுத்தத்தில் மனசு மாறிவிட்டது.
அப்புறம் வழியெல்லாம்
வண்டி ஏன் இத்தனை மெதுவாகப் போகிறது
என்றுதான் இருந்தது எனக்கு.'

ரொட்டி சூடாக இருந்தது.
நான் தின்றேன்.