ஆறு ஜன்னல்

ஷார்ஜா சனாயா பதிமூன்றில்
டயர்க் கடைகளுக்குப் பின்னால்
இரண்டு வண்டிகள்.
ஒன்று தானே ஓடும்.
மற்றது இழுத்தால் வரும்.
மூன்று வாரமாக எங்கள் ஃபிளாட்டில்
சோற்றோடு பிசைந்து தின்ற பேச்சு இதுதான்.

ஆல்ட்ரின் சொல்வான்:
மோட்டார்ஹோம் வாங்கலாம்.
இஞ்சினும் அடுப்பும் ஒரே கூரைக்குக் கீழ்.
ஜெபல் ஜைஸ் வளைவில்
பின்னால் ஒன்று ஆடிக்கொண்டு வராது.
ஷமால் காற்றில் கேரவன் எப்படிப் புரளும் தெரியுமா?
ரிவர்ஸ் எடுத்துப் பார், அப்போது புரியும்.

நான் சொல்வேன்:
குப்பூஸ் தீர்ந்துபோனால்
வீட்டையே ஓட்டிக்கொண்டா பக்காலாவுக்குப் போவாய்?
கோடை ஐந்து மாதம்
ஓடாத இஞ்சினுக்கு யார் தீனி போடுவது?
கேரவன் என்றால்
கொக்கியைக் கழற்றிக் கடலோரம் நிறுத்திவிட்டு
நம் பஜேரோவில் நான் நைட் டியூட்டிக்குப் போவேன்.
விடிந்ததும் செருப்பைக் கையில் பிடித்தபடி
அலைக்குத் திரும்பி வருவேன்.

தூத்துக்குடியிலிருந்து பியூலா கேட்டாள்:
"கேரவனா அண்ணி?
ஷூட்டிங்ல நடிகைங்க ஏறி உக்காருவாங்களே, அதா?
எங்கண்ணன் மூஞ்சிக்கு அதுல என்ன வேலை?"
ஸ்பீக்கரில் எல்லோரும் சிரித்தோம்.
அவன் கொஞ்சம் தாமதமாகச் சிரித்தான்.

பக்தியார் சாவியோடு வந்தான்.
மோட்டார்ஹோமில்
ஏதோ ஒரு ஜெர்மன் குடும்பம்
கதவு நிலையில் பென்சிலால்
பிள்ளையின் உயரம் குறித்து வைத்திருந்தது.
ஜோவிட்டா அதில் முதுகை ஒட்டி நின்றாள்,
மூன்றாவது கோட்டுக்கு ஒரு விரல் குறைவு.
"எண்பத்தையாயிரம். உங்களுக்காக எண்பத்திரண்டு."
ஆல்ட்ரின் பானெட்டைத் திறந்து
நெடுநேரம் தலையை உள்ளே வைத்திருந்தான்.

அப்புறம் கேரவன்.
நானும் மகளும் ஏறிவிட்டோம்.
அவன் ஏறவில்லை.
படியில் ஒரு கால் வைத்து
விரல் முட்டியால் சுவரைத் தட்டினான்.
டொக்.
இன்னும் கொஞ்சம் தள்ளி, டொக்.

"ருவைஸில் எங்களுக்கும் கேரவன்தான்" என்றான்,
சுவரிடம் சொல்வதுபோல.
"நம்பர் நாற்பத்தொன்று. எட்டுப் பேர்.
சைட்டில் அந்தப் பெட்டிக்கு அதுதான் பேர்.
ஒரே ஒரு ஜன்னல்.
அதிலும் ஏசியைச் சொருகி
ஓரமெல்லாம் அட்டை வைத்து டேப் ஒட்டிவிட்டார்கள்.
நான்கு வருஷம்.
வெளியே பகலா ராத்திரியா என்று
கதவைத் திறந்துதான் பார்க்கணும்."

பெண் பார்க்கும் முன்பு வந்த போட்டோ எனக்கு நினைவிருக்கிறது.
கோடு கோடாக வெள்ளைச் சுவர்,
அதன் முன் இஸ்திரி போட்ட சட்டையில் இவன்.
"வீட்டைச் சுத்தமா வச்சிருக்கான் பையன்"
என்றார் அப்பா.
பதினொரு வருஷமாக அதை நானும்
வீடு என்றே நினைத்திருக்கிறேன்.

காற்று, கொக்கி, ரிவர்ஸ், இன்சூரன்ஸ்.
மூன்று வாரம் அவன் அடுக்கிய காரணங்களில்
இது இல்லை.

என்ன சொல்வதென்று தெரியவில்லை.
"சரி, மோட்டார்ஹோமே எடுத்துக்கலாம்" என்றேன்.
காதில் வாங்கினானா தெரியாது.
ஏறி வந்தான்.
குனிந்து, நிமிர்ந்து,
படுக்கைக்கு மேலிருந்த ஜன்னலின் கைப்பிடியைத் திருகினான்.
திறந்தது.
அடுப்புப் பக்கம் ஒன்று. அது கொஞ்சம் முரண்டு பிடித்தது,
உள்ளங்கையால் ஒரு அடி.
அப்புறம் மேசைக்கு இருபுறமும்.
கழிப்பறையில் இருந்த சின்னதையும் விடவில்லை.
மகள் ஓடிப்போய் ஆறாவதைத் திறந்தாள்.

ஆகஸ்ட் வெயில்
டயர் நாற்றத்தோடு உள்ளே புகுந்தது.
வெளியில் ஜெனரேட்டர் அருகில் நின்று
பக்தியார் கத்தினான்:
"பாய், ஏசி ஓடுது! பந்த் கரோ, பந்த் கரோ!"

எதையும் மூடாமல்
வேர்த்துக் கொட்டிக்கொண்டு மேசையில் உட்கார்ந்தான்.
"இதுக்கு எவ்வளவு சொன்னான்?"
என்று கேட்டான்.