மறுபடியும் ஜனவரி ஒன்று

பச்சைத் தடத்தில் கடைசி நிலையம் துவாஸ் லிங்க்.
அங்கிருந்து பழைய இரும்புக் கிடங்குக்கு
இன்னும் பன்னிரண்டு நிமிடம் நடக்கவேண்டும்.
நடைபாதை பாதியில் தீர்ந்துவிடும்.
அப்புறம் லாரிகளும் நானும்.

எடைமேடை அறையில் மேடம் குவெக்.
வா என்றுகூடச் சொல்லவில்லை, திரையைக் காட்டினார்.
ஜனவரி 1, 2011.
நள்ளிரவு தாண்டி நான்கு நிமிடம்.
வெளியே ஆகஸ்ட் வெயில்
தகரத்தை வறுத்துக்கொண்டிருந்தது.

"தினமும் புதுவருஷம் லா," என்றார்,
"ஒரு ஆங் பாவ் கிடைத்ததில்லை."

டிலீட் விசையைத் தட்டித் தட்டி
பயாஸின் நீலத்துக்குள் இறங்கினேன்.
தேதியைத் திருத்தினேன்.
எந்த வட்டிலிருந்து எழவேண்டும் என்று சொன்னேன்.
எஃப் பத்து. சேமிக்கவா? ஆம்.
எல்லாம் புரிந்ததுபோல் எழுந்தது.
இன்னொரு முறை எழுப்பினேன், அப்போதும் சரி.
சுவர் சுவிட்சை அணைத்துப் போட்டதும்
ஜனவரி ஒன்று.

மின்சாரம் இருக்கும்வரை நினைவிருக்கிறது;
இவர்களோ இரவு ஏழு மணிக்கு
மெயினையே இறக்கிவிடுகிறார்கள்.
அப்படியென்றால் பேட்டரி.
ஐம்பது காசு அளவில் ஒரு வட்டம்,
நகத்தால் நெம்பி எடுத்தேன்.
மீட்டர் இரண்டு புள்ளி ஒன்பது என்றது.
இருந்தாலும் புதிதாக ஒன்று பொருத்தினேன்.
ஜனவரி ஒன்று.

திருவரசன் குறுஞ்செய்தி அனுப்பினார்:
*போர்டு போச்சு. புது மெஷினுக்கு விலை போட்டுக் கொடு.*
போட்டிருப்பேன்.
கைபேசி விளக்கைத் தாழ்த்திப் பிடித்தபோது
தூசிக்குள் மூன்று ஊசிகள்,
அவற்றில் இரண்டின் மேல் அரிசியளவு நீலத் தொப்பி.
இடம் மாறி உட்கார்ந்திருந்தது,
அழிக்கும் பக்கத்தில்.
பேட்டரிக்கும் நினைவுக்கும் நடுவே
பாதையே இல்லை.

யார் இந்த வேலையைச் செய்தது என்று
உள்தகட்டில் ஒட்டியிருந்த சீட்டைத் துடைத்தேன்.
*கடவுச்சொல் நீக்கம். ஜனவரி 17.*
கீழே என் கையெழுத்து,
என் வழக்கமான அவசரச் சுழிப்போடு.

தொப்பியை நகர்த்து, பத்து எண்ணு, திரும்ப வை.
பயிற்சிக்கு வரும் பையன்களுக்கு
நான்தான் சொல்லித் தருகிறேன்.
அன்று எத்தனை வரை எண்ணினேன்?
யாராவது அழைத்தார்களா, மழையா, கடைசிப் பேருந்தா?
ஒன்றும் வரவில்லை.
நான் சேமித்து வைக்கவில்லை.

மேடம் குவெக் ஓர் அட்டைப்பெட்டியை இழுத்துவைத்தார்.
ஏழு மாத ரசீதுகளின் கார்பன் நகல்கள்.
ஒவ்வொன்றிலும் அச்சுத் தேதியின் மேல் ஒரு கோடு,
பக்கத்தில் சிவப்பு மையில் அன்றைய தேதி.
செம்பு, அலுமினியம், பழைய கிரேன் ஒன்றின் கை,
எதுவும் தப்பான நாளில் போகவில்லை.
"மெஷின் மறந்தால் நானும் மறக்கவா?"

தொப்பியை அதன் இடத்தில் வைத்தேன்.
தேதியைத் திருத்தினேன். எஃப் பத்து. ஆம்.
சுவிட்சை அணைத்து
இந்த முறை முப்பது வரை, வாய்விட்டு எண்ணினேன்.

ஆகஸ்ட் 21.
அவர் திரையை நம்பவில்லை.
சுவரில் கிழிக்கும் நாட்காட்டியைப் பார்த்தார்,
தன் கைபேசியைப் பார்த்தார்,
பிறகு என்னை.

பணி அறிக்கையில் 'காரணம்' என்ற கட்டத்தில்
பேட்டரி என்று எழுதிவிட்டேன்.
வாசல்வரை போய்த் திரும்பினேன்.
சிவப்புப் பேனாவைக் கேட்டு வாங்கினேன்.
கோடு போட்டு, பக்கத்தில் என் பெயரை எழுதினேன்.

படித்தார். ஒன்றும் சொல்லவில்லை.
பேனாவை வாங்கிக் கொண்டைக்குள் செருகிக்கொண்டார்.
"நாளைக்குக் காலையில் பார்ப்போம்," என்றார்.
வெளியே அடுத்த லாரி
எடைமேடைமேல் ஏறிக்கொண்டிருந்தது.